பிடி அரிசி

எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம், களைவதற்கு முன்னால் அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்பு மேடையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவார். ரேஷன் அரிசி மட்டுமே இருந்த மாதங்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. மாதக் கடைசியில் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து ஜெபிக்க அம்மாவுக்கு நேரம் இருந்ததே இல்லை. விடிவதற்குள் பீடிக்கட்டு, அப்புறம் மாடு, அப்புறம் நாங்கள் ஐந்து பேர். அந்த ஒரு பிடியைப் போடும்போது மட்டும் உதடு அசையும்.

நான் பாளையங்கோட்டையில் பிரசவ வார்டில் நர்ஸ். பதினேழு வருடமாகிறது. மாதத்தில் எட்டு, பத்து நாள் நைட் டியூட்டி வரும், இரவு 8 மணிக்கு உள்ளே போனால் காலை 8 மணிக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு ஏழரைக்கு. சபையில் தாய்மார்களுக்கான கூட்டம் நடக்கும்போதெல்லாம், பிள்ளைகளை முழங்காலில் நிற்க வைக்க வேண்டியது தாயின் கடமை என்று யாராவது பேசுவார்கள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அன்று இரவே பையைத் தூக்கிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பும்போது, பின்னால் வீட்டுக்காரர் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பாயை விரிக்கிற சத்தம் கேட்கும். பல வருடம் அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு வந்திருக்கிறது.

பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு நாங்கள் அரை மணிக்கு ஒரு தரம் செய்கிற வேலை ஒன்று உண்டு. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு 10 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் கர்ப்பப்பை எத்தனை தடவை இறுகுகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று காட்டும் பார்ட்டோகிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் குறிப்போம். பிள்ளையின் இதயத் துடிப்பு 110க்கும் 160க்கும் நடுவில் இருக்கிறதா என்றும் பார்ப்போம். கூட்டம் அதிகமான ராத்திரிகளில் இதை ஒப்புக்குச் செய்துவிட்டுப் போகத் தோன்றும், அது எல்லாருக்கும் தெரிந்த ஆசைதான். எத்தனையோ ராத்திரிகளுக்கு அப்புறம் ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது: என் கை ஓரிடத்தில் சும்மா இருக்கிற பத்து நிமிடம் இந்த நாளிலேயே இதுதான். அன்றிலிருந்து, வலி வரும்போது எண்ணுவேன், வலி விட்ட இடைவெளியில் அந்தப் பெண்ணின் பெயரை ஆண்டவரிடம் சொல்வேன். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். என் அம்மா பிடி அரிசி போட்டபோது செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

படிக்கிற காலத்தில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைப் பல தரம் கேட்டிருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். டாக்டரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால், வேண்டாம் என்றார்கள். இவருக்கோ அப்போது வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அப்புறம் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார், 1909ல் நர்சுகளுக்கான பள்ளியும் வந்தது. அப்போதெல்லாம் இதை அழைப்பின் கதையாகக் கேட்டேன். இப்போது அந்த மூன்று பெண்களைத்தான் நினைக்கிறேன். அவர்கள் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று ராத்திரி ஸ்கடர் வீட்டில் ஜெபம் இல்லாமலா இருந்திருக்கும்? வேலை தெரிந்த ஒரு பெண்ணின் கை இல்லை. பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் உதிரப்போக்கைத் தடுக்கத் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும், முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தரம் வயிற்றைத் தொட்டுக் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கிறதா, உதிரம் அதிகமாகப் போகிறதா என்று பார்ப்பதும் ஜெபத்துக்குக் கீழே உள்ள காரியம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மாதம் நிறைந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றிலேயே பிள்ளையின் துடிப்பு நின்றுபோயிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அழாதம்மா, கர்த்தருடைய சித்தம்” என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவள் கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான்கு வருடம் கழித்து என் இரண்டாவது கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. சபையிலிருந்து வந்தவர்கள் அதே வார்த்தையை அதே நல்ல மனதோடு என்னிடம் சொன்னார்கள், நானும் சுவர்ப் பக்கம்தான் திரும்பினேன். எங்கள் வார்டு ஆயாம்மா, இசக்கியம்மனுக்கு விரதம் இருக்கிறவர், டியூட்டி முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டி, தலையைத் துவட்டிச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, “ரசம் வச்சிருக்கேன், சாப்புடும்மா” என்று மட்டும் சொன்னார். அன்று ஆண்டவர் யாரை என் வீட்டுக்கு அனுப்பினார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே வந்ததில்லை. அதற்கப்புறம் எழுந்து ஓட முடியாமல் படுத்திருக்கிற ஒரு பெண்ணிடம் நான் பிரசங்கம் செய்ததில்லை. யாராவது கேட்டால் ஜெபிப்பேன். “யா அல்லா” என்று கத்துகிறவளுக்கும் “முருகா” என்று கத்துகிறவளுக்கும் இடுப்பைத் தேய்த்துவிடுவது ஒரே மாதிரிதான்.

மூத்தவன் இப்போது ஒன்பதாவது. ஆராதனைக்கு வர முகத்தைத் தூக்குகிறான், நான் அடிக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. சின்னவள் நாலாவது படிக்கிறாள். பிறந்த பிள்ளை அழுதால்தான் நல்லது என்று எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறேன். நைட் டியூட்டி நாட்களில் குடும்ப ஜெபத்தில் அவள் முறை வரும்போது, “ஆண்டவரே, அம்மா வார்டுல பாப்பா எல்லாம் நல்லா அழணும்” என்று ஜெபிப்பாளாம், வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். காலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்: “அம்மா, பாப்பா அழுதுச்சா?”

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ராத்திரி, ஒரு பிள்ளை அழவில்லை. செய்ய வேண்டியது எல்லாம் செய்தோம். வரும் வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வாசலில் யூனிஃபார்மோடு நின்று கேட்டாள். “இல்லம்மா” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம், “அந்த அம்மா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை, நாளைக்குப் போனதும் பார்க்கிறேன் என்றேன். சரி என்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு எனக்கு ஆஃப். ஏழரைக்குப் பாயில் எல்லாரும் உட்கார்ந்தோம், மூத்தவனும் வந்தான். அவள் முறை வந்தபோது எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முந்தின நாள் சொன்ன அதே ஜெபத்தை அதே வார்த்தைகளில் சொன்னாள்.