செதுக்க முடியாத கட்டை

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே வரும் ஸ்லீப்பர் கட்டை அது. அதன் நான்கு மூலைகளில் மூன்று உட்கார்ந்துவிட்டன. நான்காவது உட்காரவில்லை. கேங் மேஸ்திரி அந்த மூலையில் ஒரு காலை வைத்து அழுத்தினார். டக் என்றது. காலை எடுத்தார். மறுபடி டக். காவிரி டெல்டாவில் ஓர் ஆற்றுப் பாலம், காலை பத்தரை மணி. எங்களுக்குக் கிடைத்திருந்த பிளாக், அதாவது வண்டிகளை நிறுத்தி வேலைக்கு விடும் நேரம், இரண்டு மணி. அதில் நாற்பது நிமிடம் போய்விட்டது. இடைவெளி அளக்கும் டேப்பர் கேஜை இடுக்கில் விட்டுப் பார்த்தேன். 4 மி.மீ.

"தம்பி, மரக்கட்டையா இருந்தா இந்நேரம் வாய்ச்சியால ரெண்டு செதுக்கு செதுக்கி உட்கார வச்சிருப்பேன். இதை என்ன பண்றது?" என்றார் மேஸ்திரி.

அந்தக் கட்டையை வரைந்தவன் நான்தான்.

அப்போது திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையின் வரைபடப் பிரிவில் இருந்தேன். ரயில்வே பாலங்களின் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு இரும்புச் சேனல் ஸ்லீப்பர் போடும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. வெளியே ஜல்லி மேல் ஓடும் பாதையில் எப்போதோ கான்கிரீட் ஸ்லீப்பர் வந்துவிட்டது. அது ஒன்று ஏறக்குறைய 267 கிலோ. அடியில் ஜல்லி இருந்தால் எந்த மேடுபள்ளமும் ஜல்லியோடு போய்விடும். நீளமான இரும்பு உத்தரங்கள், அதாவது கர்டர்கள், தாங்கும் பழைய பாலத்தில் ஜல்லி கிடையாது. குனிந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரியும். ஜல்லியின் பாரத்தைத் தாங்கும்படி அந்தக் கர்டர்களை யாரும் கட்டவும் இல்லை. அதனால்தான் பாலத்தின் மேல் மட்டும் மரம் நெடுங்காலம் நின்றது. நல்ல முற்றிய மரம் கிடைப்பது அரிதானதும் அங்கேயும் இரும்பு வந்தது.

அடிப்படை வரைபடம் லக்னோவில் இருக்கும் ஆர்.டி.எஸ்.ஓ., அதாவது ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு அமைப்பு, கொடுப்பது. அதை அந்தந்தப் பாலத்தின் அளவுக்குக் கொண்டுவந்து, விரிவாக வரைந்து, ஒப்புதல் வாங்கி, பட்டறைக்கு இறக்குவது என் வேலை. வேலையில் சேர்ந்த புதிதில் இதைச் சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். கணக்கு அப்படித்தான் சொன்னது. தண்டவாளங்கள் இரண்டும் நடுவுக்கு நடு ஏறக்குறைய 1.74 மீட்டர். அந்தப் பாலத்தில் கர்டர்கள் இரண்டும் நடுவுக்கு நடு 1.98 மீட்டர். சக்கரம் அழுத்தும் இடத்துக்கும் கர்டர் தாங்கும் இடத்துக்கும் நடுவில் அரைச் சாண்தான். அவ்வளவு குறுகிய தூரத்தில் பாரம் இறங்கும்போது கட்டை பெரிதாக வளையாது. சேனலின் பலம் தாராளமாகப் போதும். கணக்கில் தப்பே இல்லை. கட்டைதான் உட்காரவில்லை.

ஏன் உட்காரவில்லை என்று கர்டரின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அது ரிவெட் அடித்த பழைய பிளேட் கர்டர். தூணுக்குத் தூண் வரும் பகுதியைக் கண் என்போம். கண் ஒன்று 18.3 மீட்டர், மொத்தம் ஆறு கண். கர்டருக்கு வளைவு அதிகம் வருவது நடுவில். அதனால் மேல்தகட்டின் மேல் நடுப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுதல் தகடுகள் வைத்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு தகடு, கொஞ்சம் தள்ளி இரண்டு, நடுவில் மூன்று. ஒவ்வொரு தகடு கூடும்போதும் கட்டை உட்காரும் மட்டம் 10, 12 மி.மீ. ஏறும். அதற்கு மேல் ரிவெட்டின் தலைகள். 22 மி.மீ. ரிவெட்டின் தலை கிட்டத்தட்ட 15 மி.மீ. உயரம் நிற்கும், அரைக்கோளமாக, வரிசை வரிசையாக. கட்டைகளுக்கு இடையே அதிகம் இடைவெளி விடக்கூடாது என்பது விதி. ஆக ஒரு கண்ணுக்கு முப்பதுக்குக் குறையாமல் கட்டைகள். அவற்றில் ஒன்று உட்காரும் இடம் இன்னொன்று உட்காரும் இடம் போல இராது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. அளவெடுக்கப் போனபோது இரண்டு கண்களை முழுதாக அளந்தேன். மற்ற நான்கும் ஒரே வரைபடத்தில் கட்டியவை என்பதால் அதே அளவு என்று எடுத்துக்கொண்டேன். என் பிழை அங்கேதான் இருந்தது. தாளில் அவை ஒன்றுதான். ஆனால் பல பத்தாண்டுகளாக வண்டி ஓடிய பாலத்தில் இடது கர்டரும் வலது கர்டரும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பேரிங் தேய்ந்திருக்கும், எங்கோ ஒரு தகட்டை மாற்றியிருப்பார்கள், ஒரு வரிசை ரிவெட்டை எடுத்துவிட்டுப் போல்ட் போட்டிருப்பார்கள். மரக்கட்டை இருந்த காலத்தில் இந்த வித்தியாசம் எல்லாம் மேஸ்திரியின் வாய்ச்சியோடு தீர்ந்துவிடும். கட்டையைப் புரட்டிப் போட்டு, ரிவெட் தலைக்குக் குழி தோண்டி, ஓரத்தைச் செதுக்கி, தூக்கி வைத்துப் பார்த்து, மறுபடி செதுக்கி உட்கார வைப்பார்கள். அந்தச் செதுக்கல் ஒரு வரைபடத்திலும் இல்லை. அதைச் செய்தவர்களின் கையில் இருந்தது. இரும்புக்கு மாறியபோது அந்தக் கைவேலை முழுவதும் என் மேசைக்கு வந்துவிட்டது. வந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்று பழைய மரக்கட்டையையே திருப்பி வைத்துவிட்டு, பிளாக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினோம். பட்டறைக்குப் போனதும் என் சீனியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆறு கண்ணையும் அளந்துட்டு வா. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நம்பர் குடு" என்றார்.

பன்னிரண்டு நாள் அந்தப் பாலத்தில் இருந்தேன். மேஸ்திரி தன் ஆட்களில் ஒருவரை எனக்குக் காவலுக்கு நிறுத்தினார், வண்டி வந்தால் விசில் அடிக்க. விசில் கேட்டதும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு, ஆள் ஒதுங்குவதற்காகப் பாலத்தில் விட்டிருக்கும் சின்ன மேடைக்கு ஓட வேண்டும். ரிவெட் இருக்கும் இடங்களை அளந்து குறிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒன்றை அளப்பதற்குள் அடுத்தது மறந்துவிடும். மூன்றாவது நாள் ஒரு யோசனை வந்தது. பழுப்புத் தாள் சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே போல கட்டை உட்காரும் ஒவ்வொரு இடத்தின் மேலும் தாளை விரித்துக் கரித்துண்டால் தேய்த்தேன். ரிவெட் தலைகள் வட்டம் வட்டமாக விழுந்தன. தகட்டின் விளிம்பு ஒரு கோடாக விழுந்தது. தாளின் மூலையில் கண் எண், கட்டை எண், இடதா வலதா என்று எழுதி, அந்த இடத்தின் மட்டத்தையும் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள் முடிந்தபோது என்னிடம் முந்நூற்று எழுபதுக்கு மேல் தாள்கள் இருந்தன.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு கட்டைக்கு அடியில் வரும் பேக்கிங் தகடுகளை வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித் தடிமன், ரிவெட் தலை புகும் ஓட்டைகள் தனி. அதன் மேல் ரப்பர் பேட். முதலில், பேட்டை மெத்தென்று தடியாகப் போட்டால் ஓரிரு மி.மீ. வித்தியாசத்தை அதுவே வாங்கிக்கொள்ளுமே என்று நினைத்தேன். சீனியர் ஒப்புக்கொள்ளவில்லை. மெத்தென்ற பேட்டின் மேல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டை அமுங்கி எழும். அமுங்கி எழும் கட்டையில் ஹூக் போல்ட் நிற்காது, இளகிக்கொண்டே வரும். பேட் அதிர்வை வாங்கினால் போதும், மட்டத்தைச் சரிசெய்வது தகட்டின் வேலை என்றார். அவர் சொன்னது சரி. இன்றும் அதை விட்டு நான் விலகுவதில்லை.

ஹூக் போல்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டையையும் கர்டரையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். கீழே கொக்கி போல வளைந்து கர்டரின் மேல்தகட்டை அடியிலிருந்து பற்றும். மேலே நின்று பார்க்கிறவருக்குக் கொக்கி தெரியாது. திரும்பிப்போய் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் நட்டு இறுக்கமாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் போல்ட்டின் மேல்முனையில் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு குறி வெட்டியிருப்பார்கள். மேஸ்திரி பாலத்தில் நடந்துபோகும்போது நட்டைப் பார்க்க மாட்டார், அந்தக் குறியைப் பார்ப்பார். பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் அந்தக் குறியையும் மூடி அடித்துவிடுவார்கள் என்பதால், முனையில் பெயின்ட் படக்கூடாது என்று வரைபடத்திலேயே ஒரு வரி சேர்த்தேன்.

வெல்டிங் விஷயத்திலும் கற்றுக்கொண்டேன். நடுவில் ஆட்கள் நடக்கப் போடும் தகட்டைத் தாங்க, கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஆங்கிளை வெல்டு பண்ணலாம் என்று வரைந்திருந்தேன். சீனியர் சிவப்பு மையால் அதை அடித்தார். தண்டவாளங்கள் கர்டர்களுக்கு உள்ளே இருப்பதால் கட்டை நடுவில் கீழ்நோக்கி வளையும், அடிப்பக்கம் இழுபடும். இழுபடும் இடத்தில் குறுக்கே ஒரு வெல்டு வைத்தால் விரிசல் தொடங்குவது அங்கேதான். இடுக்கி கையில் இல்லாதபோது கம்பியை முன்னும் பின்னும் வளைத்தே ஒடிக்கிறோம் அல்லவா, அதே கதை. 24 பெட்டி வண்டிக்கு 96 அச்சு, என்ஜினுக்கு 6. ஒரு வண்டி போனால் 102 முறை. நாளைக்கு முப்பது வண்டி என்றால் ஆண்டுக்குப் பதினோரு லட்சத்துக்கு மேல். பலம் போதுமா என்ற கேள்வியோடு நான் நிறுத்தியிருந்தேன். எத்தனை முறை என்ற கேள்வியை அவர் கேட்க வைத்தார்.

அப்புறம் கால்வனைசிங், துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசுவது. துத்தநாகத் தொட்டி 450 டிகிரி சூட்டில் இருக்கும். வெல்டு பண்ணிய நீளமான உருப்படி அதில் முங்கி எழுந்தால் சில சமயம் முறுக்கிக்கொள்ளும். பாலத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் கட்டையே முறுக்கியிருந்தால் அதே நான்காவது மூலை மறுபடி தூக்கும். ஆகவே தொட்டியிலிருந்து வந்த பிறகு ஒவ்வொன்றையும் சமதள மேசையில் வைத்துப் பார்த்தே அனுப்பினோம்.

பாலத்தின் ஒரு கோடி ஸ்டேஷன் எல்லைக்குள் இருந்தது. அங்கே தண்டவாளத்தில் டிராக் சர்க்யூட் ஓடுகிறது, வண்டி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மின்சுற்று. இரண்டு தண்டவாளத்தையும் சக்கரங்கள் இணைத்தால் ரிலே விழும், வண்டி நிற்கிறது என்று சிக்னல் சிவப்பாகும். மரக்கட்டை மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. இரும்புக்கட்டை தானே ஒரு சக்கரத்தைப் போல இரண்டையும் இணைத்துவிடும். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பேட், பக்கத்தில் நைலான் லைனர் என்று பிரித்து வைத்தோம். ஒரே ஒரு கட்டையில் இரண்டு பக்க லைனரும் நொறுங்கினாலும், மழைநாளில் வண்டியே இல்லாமல் சிக்னல் சிவப்பில் நின்றுவிடும். ஆபத்து இல்லை, ஆனால் இரவில் நனைந்துகொண்டே ஒவ்வொரு கட்டையாகச் சோதித்துப் போகிற சிக்னல் ஆட்களை நினைத்துக்கொண்டுதான் லைனர் மாட்டும் இடத்தை வரைந்தேன், டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்தே தெரிகிற மாதிரி.

என் அப்பா கீமேனாக இருந்தவர். அவர் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் சி.எஸ்.டி.-9 என்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர். கவிழ்த்த சட்டி போல இரண்டு பக்கமும் இரண்டு, நடுவில் இணைக்கும் பட்டை. தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்க ஆப்பு போல ஒரு கீ. அதிர்வில் கீ நழுவும். தினமும் சுத்தியலோடு நடந்து, நழுவியதை அடித்து உள்ளே தள்ளுவதுதான் அவர் வேலை, பெயரே அதிலிருந்து வந்தது. இறுகிய கீ கணீரென்று பேசும், இளகியது மந்தமாகப் பேசும் என்பார். என் தாள்களை வீட்டில் விரித்து வைத்திருந்தபோது அவர் வந்து பார்த்தார். ஒரு தாளை எடுத்து, கரிவட்டங்களை விரலால் எண்ணி, "இத்தனையையும் நீயே தேய்ச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. தாள் பறக்காமல் இருக்க மூலையில் தன் கண்ணாடிக்கூட்டை வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து மறுபடி பிளாக் கிடைத்தது. மூன்றாவது கண், பதினேழாவது கட்டை. எண்ணைப் பார்த்து அதற்குரிய தகட்டை வைத்து, பேட்டை வைத்து, கட்டையை இறக்கினார்கள். மேஸ்திரி முன்பு போலவே நான்காவது மூலையில் காலை வைத்து அழுத்தினார். சத்தம் இல்லை. இன்னொரு காலையும் வைத்து ஏறி நின்றார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பின் வந்தவரிடம் என் எண் பட்டியலின் நகல் ஒன்று இருக்கிறது. போன வாரம் ஃபோன் பண்ணினார். "சார், அஞ்சாவது கண்ணு, இருபத்திரெண்டு, வலது. போல்ட் மாசாமாசம் இளகுது. குறி சரியாத்தான் இருக்கு." பீரோவில் இருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு ரிவெட் வட்டம் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று மங்கலாக விழுந்திருக்கிறது. அன்றே அது தேய்ந்த தலையா, அல்லது நான்தான் அவசரத்தில் சரியாகத் தேய்க்கவில்லையா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன், பழுப்புத் தாளும் கரித்துண்டும் எடுத்து வைத்தாயிற்று.