இரண்டாம் குரோமோசோமும் இறைநம்பிக்கையும்

பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விட்டுவிட வேண்டும் என்று இரு தரப்பிலும் சத்தம் போடுகிறார்கள். ஆனால் 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பரிணாமத்துக்கு மாற்றாக 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தைப் பள்ளியில் புகுத்தியதை எதிர்த்து நடந்த டோவர் பள்ளி வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

அவர் எடுத்து வைத்த சான்றுகளில் ஒன்று: சிம்பன்ஸி, கொரில்லாவுக்கு 24 ஜோடி குரோமோசோம் (உயிரணுவுக்குள் டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழை), நமக்கு 23. பொது மூதாதை உண்மையென்றால் ஒரு ஜோடி எங்கே போச்சு? முழுசாகத் தொலைந்திருந்தால் உயிர் தங்காது. அப்படியானால் இரண்டு ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பும் இருக்க வேண்டும்.

இருக்கிறது. குரோமோசோமின் நுனியில் வர வேண்டிய டெலோமியர் என்ற டிஎன்ஏ வரிசை (டிடிஏஜிஜிஜி என்ற எழுத்துகள், திரும்பத் திரும்ப) நம் இரண்டாம் குரோமோசோமின் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கிறது. செயலிழந்த இன்னொரு சென்ட்ரோமியரின் (குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கும் இடுப்புப் பகுதி) மிச்சமும் உண்டு. "டெலோமியர் வரிசை சிதைந்திருக்கிறதே" என்பார்கள் மறுப்பவர்கள். இத்தனை லட்சம் வருஷப் பிறழ்வுக்குப் பிறகு சிதையாமல் இருந்தால்தான் சந்தேகப்படணும்!

1996-இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல, அதற்கும் மேலானது என்றார். ஆன்மா மட்டும் கடவுளிடமிருந்து நேரே வருகிறது என்பது அவர் சபையின் நிலை. அதை அளக்க டிஎன்ஏ வரிசையில் வழி இல்லை. இல்லையென்று நிரூபிக்கவும் வழி இல்லை.