இன்று எங்களுக்குத் தாரும்

3-9-2023, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் தம்பி வந்து நின்றான். எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குப் போய்த் திருவோணம் பம்பர் லாட்டரி எடுக்கப் போகிறானாம். டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. "பாதி நீ போடு அக்கா. அடிச்சா பாதி ஒனக்கு."

தமிழ்நாட்டில் லாட்டரியை 2003 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு அது நின்றதே இல்லை. பஸ் ஏறி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கடை.

250 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். தம்பி மனசு நோகக் கூடாதென்று கொடுத்தேன் என்று எழுதினால் அது பொய். மகளின் நர்சிங் காலேஜ் பீஸும் வீட்டுக் கடனும் கண்முன் வந்தன. ஞாயிறு பள்ளியில் 16 வருஷமாகப் பாடம் எடுக்கிறவள் நான்.

6-9-2023, புதன்

மூன்று ராத்திரியாகத் தூக்கம் சரியில்லை. பன்னிரண்டரைக் கோடியை மனசுக்குள் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். கடனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, சபைக்குப் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் இவ்வளவு. தசமபாகத்தைச் சேர்த்ததும் எல்லாம் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றியதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இன்று காலை பரமண்டல ஜெபத்தில், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் வாய் சொல்லியது, மனசு ஒட்டவில்லை. எனக்கு இன்றைய ஆகாரம் வேண்டியிருக்கவில்லை. இனி ஒருநாளும் கேட்கத் தேவையில்லாத அளவுக்கு ஒரே தடவையில் வேண்டியிருந்தது. ஆண்டவரிடம் கேட்காமலே வாழ்கிற வசதியை ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

10-9-2023, ஞாயிறு

பெரிய வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், பைபிளில லாட்டரி எடுக்கப்பிடாதுன்னு எங்க இருக்கு?" எங்கள் விஷயம் அவன் காதுக்குப் போயிருக்குமோ என்று ஒரு நிமிஷம் திகைத்தேன்.

அப்படி ஒரு வசனம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சீட்டுப் போடுவதும் வேதத்தில் உண்டு. கானானைப் பங்கிட்டதும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டுப் போட்டுத்தான். ஆனால் அங்கே யாரும் காசு கட்டவில்லை, அடுத்தவன் தோற்றதால் மத்தியா பணக்காரன் ஆகவும் இல்லை. அடுத்தவன் பொருளுக்காகச் சீட்டுப் போட்டவர்களை யோவான் 19ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். சிலுவையடியில் உட்கார்ந்திருந்த போர்ச்சேவகர்கள். தையலில்லாத அங்கி யாருக்கு என்பதில்தான் அவர்கள் கவனம். தலைக்கு மேலே ஒருவர் செத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் அதற்கு மேல் பேச வரவில்லை.

14-9-2023, வியாழன்

தம்பியோடு வாக்குவாதம். போனில் ரம்மி ஆடிக் குடும்பத்தை அழிக்கிறவனோடு தன்னைச் சேர்க்காதே என்கிறான். "இது சர்க்கார் நடத்துறது அக்கா. காருண்யா டிக்கெட் பைசாவில எத்தன பேருக்கு கிட்னி சிகிச்சை நடந்திருக்கு தெரியுமா?"

அதை நான் மறுக்கவில்லை. கேரளம் 1967-ல் இதைத் தொடங்கியதும் அரசுக்கு வருமானம், ஏழைகளுக்கு வேலை என்றுதான். ஊனமுற்ற எத்தனையோ பேர் டிக்கெட் விற்றுத்தான் கஞ்சி குடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அந்த 40 ரூபாய் டிக்கெட்டால் நோயாளிக்கு உதவ நினைப்பவன், முதல் பரிசு 80 லட்சம் தனக்கு வருமா என்று மூன்று மணிக் குலுக்கலில் நம்பர் பார்ப்பானா? "உம்முடைய காருணியம் என்னைப் பெரியவனாக்கும்" என்று சங்கீதத்தில் படித்த சொல், லாட்டரிச் சீட்டில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

கத்தோலிக்கரான பக்கத்து வீட்டு அக்கா, அவர்களுடைய மறைக்கல்வி ஏடு சூதாட்டத்தை முழுப் பாவம் என்று சொல்லவில்லை என்கிறார். ஒருவனுடைய அத்தியாவசியத் தேவைக்கான பணத்தை அது பறிக்கும்போதுதான் தவறாம். சரி, அந்த அளவுகோலையே வைத்துப் பார்ப்போம். தம்பி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன். மழைநாளில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அவன் கையிலிருக்கும் எந்த 40 ரூபாய் அத்தியாவசியம் இல்லாதது?

20-9-2023, புதன்

இரண்டு மணிக்குக் குலுக்கல். எங்களுக்கு இல்லை. 75 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றதாம். எனக்கு அடித்திருந்தால், இத்தனை பேர் தலைக்கு 500 கொடுத்து ஏமாந்த பணம்தான் என் வீட்டுக் கடனை அடைத்திருக்கும். அவர்களில் எத்தனை பேர் பால்வெட்டுக்காரர்களோ.

22-9-2023, வெள்ளி

25 கோடி, திருப்பூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த டிக்கெட்டுக்காம். தம்பி ஓடி வந்தான். "பாத்தியா அக்கா, தமிழ்நாட்டுக்குத்தான் அடிச்சிருக்கு! அடுத்தது பூஜா பம்பர்." தோற்ற வருத்தம் துளிகூட அவன் முகத்தில் இல்லை. அவனுக்கே பாதி அடித்துவிட்ட மாதிரி இருந்தான்.

போன வருஷம் இதே பரிசு விழுந்த திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருகிற கூட்டத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை, நிம்மதி போயிற்று என்று சில நாளிலேயே அழுததை நினைவுபடுத்தினேன். "அது அவனுக்கு நடத்தத் தெரியல்ல" என்றான்.

24-9-2023, ஞாயிறு

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஒன்றும் பேசாமல் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தாள். எல்லாம் அடிக்காத டிக்கெட். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. எண்ணினோம். 312. எல்லாம் 40 ரூபாய் டிக்கெட், 12,480 ரூபாய். பிள்ளையின் பள்ளி பீஸ் இரண்டு தவணை பாக்கி.

"ஏன்டா இதெல்லாம் வச்சிருக்கே?"

"தூரப் போட மனசு வரல்ல அக்கா."

அவள் அழத் தொடங்கியபோது, பம்பரில் என் பணம் 250 ரூபாய் இருப்பதைச் சொன்னேன். சொல்லாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நீங்களுமா மைனி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

விளக்கு வைத்த பிறகு மூன்று பேரும் ஜெபம் பண்ணினோம். பரமண்டல ஜெபத்தில் ஆகாரத்தைக் கேட்கும் இடம் வந்ததும் தம்பி நின்றுவிட்டான். எனக்கும் குரல் எழவில்லை. மீதியை அவள்தான் சொல்லி முடித்தாள்.