கடலோர வீட்டுக்குக் கல் தேடி

எங்கள் ஊருக்குக் காவேரிப்பட்டணம் என்று பெயர் இருந்தாலும் இங்கே காவிரியும் இல்லை, கடலும் இல்லை. ஊரையொட்டி ஓடுவது தென்பெண்ணை. அந்த ஆறு கடலில் கலக்கும் கடலூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்காரர் மனை வாங்கியிருக்கிறார். போன மாசியில் மாமாவும் அவருடைய மேஸ்திரியும் இங்கே வந்து தங்க, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கல் கட்டடங்களைப் பார்க்க மூவரும் கிளம்பினோம்.

மாமாவின் பழைய வீட்டில் பன்னிரண்டே ஆண்டுகளில் கூரைக் காரை பெயர்ந்து விழத் தொடங்கியது. கட்டிய ஒப்பந்தக்காரர் உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டிருக்கிறார். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவைப்படுவதால், அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால், கூரை உட்படக் கல்லாலேயே ஆன, கம்பியே இல்லாத வீடு என்ற எண்ணம் மாமாவைப் பிடித்துக்கொண்டது. மனை விஷயத்திலும் அவர் எச்சரிக்கைக்காரர். 1991 ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை ஊர்ப்புறக் கரைகளில் விதித்த 200 மீட்டர் தடையை, 2019 ஆம் ஆண்டின் அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு 50 மீட்டராகக் குறைக்க வழிவிட்டது. ஆனால் 2004 டிசம்பரைக் கண்ணால் பார்த்த மாமா, பழைய கணக்கையே வைத்துக்கொண்டு 200 மீட்டருக்கு அப்பால்தான் வாங்கினார்.

முதல் நாள் சூளகிரிப் பக்கமுள்ள மல்லச்சந்திரத்துக்குப் போனோம். பாறைமேட்டில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களை ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. இறந்தவர்களுக்குக் கட்டியதைப் பார்த்தா வீடு கட்டப் போகிறீர்கள் என்று அக்கா தொலைபேசியில் கடிந்துகொண்டாள். மேஸ்திரி அதைக் காதில் வாங்காமல், மூடுகல்லின் அடிப்பக்கத்தை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்ன யோசித்தார் என்பது மறுநாள் இராயக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் தெரிந்தது. பலகைக்கல் பாவிய கூரை, அதன்மேல் மண்ணும் சுண்ணாம்பும். வெளியே வெயில் கொளுத்தியபோதும் உள்ளே திண்ணை குளிர்ந்திருந்தது. மேஸ்திரி டேப்பைப் பிரித்துத் தூணுக்குத் தூண் அளந்தார். எங்கு அளந்தாலும் ஏழடிக்கு மேல் வரவில்லை.

“கல்லு சுமக்கும் தம்பி, வளையாது. அகலமா போட்டா அடியில விரிசல் விட்டுரும்.”

கல் அழுத்தத்தைத் தாங்குமளவுக்கு இழுவையைத் தாங்காது. இரண்டு தூண்களுக்கு நடுவே கிடக்கும் பலகையின் அடிப்பக்கம் இழுபடும் பக்கம். இழுவையைத் தாங்கத்தான் கான்கிரீட்டில் கம்பி வைக்கிறார்கள். கம்பி வேண்டாமென்றால் அறை குறுகும், தூண் பெருகும். மாமாவின் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் மேஸ்திரி, மெட்ராஸ் டெரஸ் இருக்கும்போது கல் கூரை எதற்கு என்று கேட்டார். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் இறுக்கும் அந்தத் தளம் புதுச்சேரிப் பழைய வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அதற்குக் கம்பி தேவையில்லை. அதன் எடையும் அந்தக் கரைக்கு ஏற்றதுதான். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது கீற்றும் தகரமும் பறந்ததை மேஸ்திரியே பார்த்திருக்கிறார். பக்கத்து ஊரிலேயே இருந்த கூரைக்காக மாமா இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனாலும் அடித்தளத்துக்கும் திண்ணைத் தூண்களுக்கும் எங்கள் ஊர்க் கல்லே போதும் என்று முடிவாயிற்று. கரைக்காற்றின் உப்பில் துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை. மாலையில் கல் பட்டறையில் பன்னிரண்டு தூண்களைப் பிரித்து வைத்தார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். பதினொன்று கணீரென்றன. ஒன்பதாவது தூண் மட்டும் மொத்தென்று ஒலித்தது. கண்ணுக்கு எந்த விரிசலும் தெரியவில்லை. அதை எடுத்து ஓரமாகப் போடச் சொல்லிவிட்டு, வேறொன்று வரும்வரை லாரியைக் காத்திருக்க வைத்தார்.