தெருநாயைத் தத்தெடுத்த பிறகு: முதல் மூன்று மாதம் உடம்பைத் தேற்றும் முறை

காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயை வீட்டுக்கு அழைத்து வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது, அதை நன்றாக ஓடவிட வேண்டும் என்பதுதான். கூண்டில் அடைந்து கிடந்த உயிராயிற்றே என்ற இரக்கம் அது. ஆனால் அந்த ஓட்டம் கடைசியில் வர வேண்டியது. முதலில் தூக்கம், அடுத்து ரத்தப் பரிசோதனை, அப்புறம் சாப்பாடு, அதற்குப் பிறகுதான் கால்கள். இந்த வரிசையை மாற்றினால் நாய் தேறுவதற்குப் பதிலாக இன்னும் தளர்ந்துபோகும்.

காப்பகத்தில் பகலும் இரவும் நாய்கள் குரைத்துக்கொண்டே இருக்கும். அங்கே ஆழ்ந்த தூக்கம் கிடையாது. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை. புதிதாக வந்த நாய் முதல் சில நாட்கள் அதற்கு மேலும் தூங்கும், தூங்கட்டும். இரண்டு பக்கம் சுவர் உள்ள ஒரு மூலையில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். வாசல் கதவுக்கு எதிரேயும் டிவிக்குப் பக்கத்திலும் வேண்டாம். முதல் வாரம் சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வந்து காட்டாதீர்கள். குனிந்து தலையைத் தடவுவது, கட்டிப்பிடிப்பது, தூங்கும்போது தொடுவது மூன்றும் கூடாது. தரையில் பக்கவாட்டில் உட்காருங்கள், அதுவாக வந்து முகரட்டும்.

பெரும்பாலும் முதல் மூன்று நாள் ஒடுங்கிக் கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பழகிவிடும். அதன் உண்மையான குணம் தெரிய மூன்று மாதம் ஆகலாம். முதல் வாரத்தில் 'ரொம்ப சாதுவான நாய்' என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் இரண்டாம் மாதம் அது வாசலில் குரைக்கும்போது அதிர்ந்து போகிறார்கள். முதலில் இருந்தது சாதுத்தனம் இல்லை, பயத்தில் வந்த அடக்கம்.

மொசைக், டைல்ஸ் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணிலும் தார்ச்சாலையிலும் நடந்து பழகிய நாய்க்கு வழவழப்பான தரை ஒரு பெரிய பயம். கால் வழுக்கினால் இடுப்பும் முழங்காலும் திருகும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் வாசலுக்கும் ரப்பர் மேட்டையோ கோணிச் சாக்கையோ பாதையாக விரித்துவிடுங்கள். சிறுநீர் விஷயத்திலும் தரை முக்கியம். தெருவில் வளர்ந்தது மண்ணையோ புல்லையோ தேடும், டைல்ஸில் போகப் பிடிக்காமல் பல மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ளும். எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கப் போகும் முன்பும் ஒரே மண்தரைக்கு அழைத்துப் போங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல் துடைத்து, வினிகர் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். பினாயில் வேண்டாம். அது நாய்க்கு நஞ்சு, ஈரத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

முதல் மாதத்தில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து, நாய் தப்பி ஓடிவிடுவது. நாட்டு நாய்க்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். சாதாரணக் கழுத்துப்பட்டியோடு பின்பக்கமாக இழுத்தால் ஒரே நொடியில் தலை வெளியே வந்துவிடும். அதனால் இரண்டு பிடி வேண்டும். ஒன்று, மார்பில் ஒய் வடிவில் வரும் ஹார்னஸ். இன்னொன்று, இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் காலர். இரண்டிலும் தனித்தனி லீஷ் மாட்டுங்கள், அல்லது ஒரு சிறு பட்டையால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் கூடாது. அக்குளில் உரசினால் இரண்டே நாளில் புண்ணாகும். லீஷ் 6 அடி போதும். பொத்தானை அழுத்தினால் நீளுகிற சுருள் லீஷ் வேண்டவே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் கைப்பிடி கை தவறி விழுந்தால் சத்தம் போட்டுக்கொண்டே நாயின் பின்னால் வரும். அதற்குப் பயந்தே நாய் இன்னும் வேகமாக ஓடும்.

தப்பிவிட்டால் துரத்தாதீர்கள். பெயரைக் கத்திக்கொண்டே பத்துப் பேர் தேடினால் அது இன்னும் தூரம் போகும். கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் போர்வையையும் நீங்கள் உடுத்திய துணியையும் வைத்து, இரவில் தெரு அடங்கிய பிறகு வாசனையான கோழிக்கறியோடு போய்க் காத்திருங்கள். அந்தப் பகுதியில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்ணுக்குத்தான் புது நாய் முதலில் படும்.

இனி மருத்துவம். வந்த முதல் வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் கிளினிக்குகளும் உண்டு. காதில் வீ வடிவ வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். தடுப்பூசிக்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லையென்றால் ரேபிஸ் ஊசியையும், டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியையும் புதிதாகத் தொடங்குவார்கள். கூட்டு ஊசி 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. குடற்புழு மருந்தை எடை பார்த்துக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நாயைப் பழக்கும்போது பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தெரிந்த நாய்தானே என்று விடக்கூடாது.

தமிழ்நாட்டில் தெருவிலிருந்து வரும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் உடற்பயிற்சி தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் உண்ணிக்காய்ச்சல். அதைத் தரும் எர்லிக்கியா, பேபீசியா என்ற கிருமிகள் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். நாய் சாப்பிடும், வாலாட்டும், ஆனால் பத்து நிமிடம் நடந்தால் உட்கார்ந்துவிடும். சோம்பேறி என்று நினைத்து இழுத்துக்கொண்டு நடப்பார்கள். முழு ரத்த எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ரத்தப்பூச்சும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தால் சிறிய இடியும் உள்ளே ரத்தக்கசிவாக மாறலாம், அதனால் மருத்துவர் சொல்லும்வரை ஓட்டமும் விளையாட்டும் நிறுத்தம். ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம், வயிற்றுத்தோலில் சிவப்புப் புள்ளிகள், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். எர்லிக்கியாவுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 28 நாள் தருவார்கள். ஐந்தாம் நாளே துள்ளிக் குதிப்பதைப் பார்த்து நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்பி வருவதற்குக் காரணம். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறுமனே கொடுத்துத் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

உண்ணி மருந்தில் முதுகில் ஊற்றும் சொட்டு மருந்து வாங்கினால், போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதீர்கள். பூச்சிக்கொல்லிப் பொடியை உடம்பில் தூவாதீர்கள், நாய் நக்கும். வலி என்று தெரிந்தால் வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ இப்யூபுரூஃபெனையோ கையில் எடுக்கவே கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டச் சோறு வைப்பது ஆபத்து. நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென மாவுச்சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே கேடாகலாம். கால்பங்கில் தொடங்கி, நான்கைந்து நாளில் முழு அளவுக்கு வர வேண்டும், அதையும் மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டும். வெறும் ஒல்லியான நாய்க்கு இந்தப் பயம் இல்லை. அதற்கு மூன்று வேளையாகப் பிரித்து வைத்தால் போதும்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஓய்வில் தேவைப்படும் கலோரிக்கு, எடையை 30 ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 15 கிலோ இருக்க வேண்டிய நாய்க்கு 520. கருத்தடை ஆன, மிதமாக நடக்கும் நாய்க்கு இதை 1.6 ஆல் பெருக்கினால் சுமார் 830. இப்போது 12 கிலோதான் இருக்கிறது என்றாலும் 15 கிலோவுக்கான கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், அந்த மிச்சத்தில்தான் எடை ஏறும். வீட்டுச் சமையலில் ஒரு நாளைக்கு இப்படி வரும்: வெந்த சோறு 200 கிராம், எலும்பில்லாத வெந்த கோழிக்கறி 250 கிராம், ஒரு முட்டை, வேகவைத்த பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன்.

இதில் இல்லாமல் போவது கால்சியம். பால்சோறும் பிஸ்கட்டும் வைத்து அந்தக் குறையை நிரப்ப முடியாது. முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரையுங்கள். அரை டீஸ்பூன் மாவில் ஏறத்தாழ 1 கிராம் கால்சியம் இருக்கிறது, மேலே சொன்ன சாப்பாட்டுக்கு அது சரியாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் கோழிக்குப் பதில் 50 கிராம் ஈரல் சேர்க்கலாம். துத்தநாகமும் சில வைட்டமின்களும் அப்போதும் குறையும் என்பதால், மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் சத்துமாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சாம்பார் சாதமும் குழம்பு சாதமும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள நாய்க்கு அது இரட்டைக் கேடு. வெந்த எலும்பு, திராட்சை, சாக்லேட்டும் கூடாது. சாப்பிடும்போது தட்டில் கைவைத்துச் 'சோதிக்க' வேண்டாம். கடந்து போகும்போது ஒரு கறித்துண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் வந்தால் நல்லது நடக்கும் என்று அது தெரிந்துகொள்ளும்.

இப்போது கால்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாளில் மூன்று முறை, ஒவ்வொன்றும் 10 நிமிடம், மண்ணை முகர்ந்துகொண்டே போகும் நடை. வேகம் முக்கியமில்லை. முகர்வதே அதற்கு மூளைக்கான வேலை, பயத்தையும் அது தணிக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து காலை நடையில் மட்டும் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால், எட்டாம் வாரத்தில் 40 நிமிடம் வரும். மறுநாள் காலை எழும்போது உடம்பை இறுக்கமாக வைத்திருந்தாலோ படியில் தயங்கினாலோ முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்பி, நான்கு நாள் கழித்து மறுபடி முயலுங்கள்.

நடையைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போனில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தெருநாய்களில் வண்டியில் அடிபட்டு, வைத்தியம் இல்லாமலே கூடிப்போன எலும்புகள் சகஜம். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக வைத்து முயல்போலக் குதித்து ஓடினால் இடுப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நடையைக் கூட்டினால் அந்த வலி மோசமாகும்.

நான்காம் வாரத்திலிருந்து, கூண்டில் கிடந்து சூம்பிப்போன பின்தொடைக்கு வேலை தரலாம். ரப்பர் மேட்டின் மேல் உட்காரவைத்து எழுப்புவது 5 தடவை, இரண்டு சுற்று. கால் ஒரு பக்கம் சாய்ந்தபடி உட்கார்ந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் சரிவில் மெதுவாக ஏறி இறங்குவது மூன்று சுற்று. நாயின் தோள் உயரம் அளவு இடைவெளி விட்டு ஐந்து பிவிசி குழாய்களைத் தரையில் வரிசையாகப் போட்டு நடக்கவிடுவது இன்னும் நல்ல பயிற்சி. ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தூக்கி வைக்க அது கற்றுக்கொள்ளும். பழகியதும் குழாயைக் கணுக்கால் உயரம்வரை உயர்த்தலாம், அதற்கு மேல் வேண்டாம். கடற்கரை பக்கத்தில் இருந்தால் ஈரமணலில் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். காய்ந்த மணலில் கால் புதைவதால் தசைநாருக்குச் சுமை அதிகம், அது மூன்றாம் மாதத்துக்கு. பந்து எறிவதும், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஓட்டுவதும் இந்தக் காலத்தில் கூடாது. தசை வலுவாகும் முன் திடீரென நின்று திரும்புவது முழங்கால் தசைநாரைக் கிழித்துவிடும்.

வெயில் காலத்தில் காலை 6.30க்குள் நடையை முடித்துவிடுங்கள், மாலையில் 7 மணிக்குப் பிறகு கிளம்புங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் மூச்சிரைப்பால் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 செல்சியஸ். தள்ளாடினாலோ, நாக்கு கருஞ்சிவப்பானாலோ, வாந்தி எடுத்தாலோ, குழாய்த் தண்ணீரால் வயிற்றையும் தொடையிடுக்கையும் நனைத்து, விசிறி காட்டியபடியே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

தீபாவளி இந்த மூன்று மாதத்துக்குள் வந்தால், இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பயம் தணிக்கும் மருந்தை ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்து அளவு சரிசெய்ய அவகாசம் வேண்டும். அந்த வாரம் பட்டாசுக்கு முந்தைய விடிகாலையில், இரட்டை லீஷோடு மட்டும் வெளியே.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். 12 கிலோ நாய்க்கு வாரத்தில் 150 முதல் 250 கிராம் ஏறினால் சரி, அதைவிட வேகமாக ஏறினால் கொழுப்புதான் சேர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடையின் மேல்பகுதியைத் தையல் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். எடை ஏறி, தொடை ஏறாமல் இருந்தால் பயிற்சி போதவில்லை. விலா எலும்பைத் தடவும்போது விரித்த புறங்கையைத் தடவுவதுபோல் இருந்தால் அளவான உடம்பு. அந்த நிலை வந்ததும் சாப்பாட்டை பத்தில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். கருத்தடை ஆன நாய் அதே அளவைத் தொடர்ந்தால் நான்காம் மாதமே பருக்கத் தொடங்கும்.