வெள்ளரி இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்

பசுமைக்குடிலில் வெள்ளரிக் கொடிகள் மேல் கம்பியைத் தொட்டு, காய் பிடிக்கும் நேரம். கீழ் இலைகளில் மஞ்சள் புள்ளிகள். நடுக்கொடியில் சில இலைகளின் மேல் மாவு தூவியது போல வெள்ளைப் படலம். இரண்டும் ஒரே நோய்தான், கந்தகம் அடித்தால் போதும் என்றார்கள் பார்த்தவர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மஞ்சள் புள்ளிகளில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. நரம்பு குறுக்கிடும் இடத்தில் சட்டென நின்று, கட்டம் கட்டமாக இருந்தன. ஈரம் காயாத காலையில் இலையைத் திருப்பினேன். புள்ளிக்கு நேர் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூசணம். சந்தேகமான இன்னோர் இலையை ஈரக் காகிதத்தோடு பாலித்தீன் பையில் கட்டி இரவு முழுக்க வைத்தேன். விடிந்ததும் அதன் அடியிலும் அதே பூசணம். அப்போது உறுதியானது: இது அடிச்சாம்பல் நோய். மேலே மாவாகத் தெரிந்தது சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் மாவு கையோடு வந்துவிடும்.

இந்த வேறுபாடு தெரியாமல் மருந்து வாங்குவது வீண். அடிச்சாம்பலை உண்டாக்குவது உண்மையான பூஞ்சையே அல்ல, பாசிகளுக்கு நெருக்கமான ஒரு வகை. சாம்பல் நோய்க்குக் கேட்கும் கந்தகம் இதற்குக் கேட்காது. அதோடு, அடிச்சாம்பல் தொற்றுவதற்கு இலைமேல் சில மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். சாம்பல் நோய் காய்ந்த இலையிலும் பரவும்.

அதனால் முதலில் ஈரத்தைத்தான் கவனித்தேன். விடியற்காலையில் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாசனத்தைக் காலைக்கு மாற்றினேன். மாலையில் குடிலை மூடுவதற்கு முன், பக்கத் திரைகளைத் திறந்து ஈரக் காற்றை வெளியே விட்டேன். நோய் கண்ட கீழ் இலைகளை, மேலுள்ள ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகே கிள்ளி, அங்கேயே பையில் போட்டுக் கட்டினேன். அப்புறம்தான் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து, அதுவும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. அது நல்ல இலையைக் காக்குமே தவிர, உள்ளே புகுந்த நோயை எடுக்காது. கந்தகத்தை வெயில் குறைந்த நாளில் மட்டும் அடித்தேன், கடும் வெயிலில் வெள்ளரி இலை கருகிவிடும்.

புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது. குணமாகிறதா என்பதை நுனியில் விரியும் புது இலைகளில்தான் பார்க்க வேண்டும். அவை சுத்தமாக வந்தன. சாம்பல் நோய் மட்டும் நிழல் விழும் மூலையில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. அடுத்த நடவில் அங்கே கொடிகளுக்கு இடைவெளி கூட்டப் போகிறேன்.