மணல் பார்க்க வந்த சித்தப்பா

என் வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்ததால் ராஜஸ்தானில் ஜெய்சல்மேரில் மூன்று வருடம் குடியிருந்தோம். அந்த மூன்று வருடத்தில் எங்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. ரயிலை விட்டு இறங்குவார்கள், சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், அப்புறம் கேட்பார்கள்: "மணல் எங்கே?"

சித்தப்பா கேட்டபோது குரலில் கொஞ்சம் கோபமே இருந்தது. இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வந்த மனிதர், பாவம். தார் பாலைவனம் என்றால் அடிவானம் வரை மணல்மேடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜெய்சல்மேரைச் சுற்றி இருப்பதோ பெரும்பாலும் கல்லும் சரளையும் கலந்த கட்டாந்தரை. காலண்டரில் பார்க்கிற மணல்மேடு வேண்டுமானால் மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளி சம் என்ற இடத்துக்குப் போக வேண்டும்.

"அங்கே கடைசி நாள் போகலாம் சித்தப்பா. முதல்ல தண்ணி காட்டுறேன்" என்றேன். அவர் விவசாயி. தண்ணீர் என்றதும் மறுபேச்சு பேசவில்லை.

முதலில் கடீசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் ஊரை ஆண்ட ராவல் கட்ஸி சிங் சீர்திருத்திக் கட்டியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊரே இந்த ஏரியைத்தான் குடித்தது. கரைக்குப் போகும் வழியில் பெரிய தோரணவாயில் ஒன்று நிற்கிறது. திலோன் என்ற தாசி கட்டியது என்பார்கள். தாசி கட்டிய வாசலுக்குக் கீழே அரண்மனைப் பெண்கள் நடப்பதா என்று ராஜா மறுத்தாராம். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கட்டி முடித்து, உச்சியில் கிருஷ்ணர் சன்னிதியையும் வைத்துவிட்டாள். சாமி குடியேறிய பிறகு யார் இடிப்பது? எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும் கதை. இப்போது ஏரிக்கு இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருகிறது. கெளுத்தி மீன்களுக்கு ரொட்டி போடுவதுதான் அங்கே பெரிய பொழுதுபோக்கு. சித்தப்பா ஒரு பாக்கெட் முழுவதையும் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

கோட்டையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டியது, 99 கொத்தளங்கள், 2013இல் யுனெஸ்கோ பட்டியல். அதற்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். மாடிக்கு மாடி துணி காய்கிறது. நான் காட்ட நினைத்தது சுவர்களின் ஈரத்தை. ஏரியிலிருந்து குடத்தில் தலைச்சுமையாக வந்த தண்ணீருக்காகக் கட்டிய கோட்டை அது. ஒரு குடத்துக்கு எவ்வளவு சாக்கடை வேண்டும்? குழாய் வந்தது, பின்னாலேயே ஓட்டல்களும் குளியலறைகளும் வந்தன. கழிவுநீர் அடியில் இருக்கும் இளகிய பாறையில் இறங்கி, 2000, 2001 வாக்கில் சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. எட்டு நூற்றாண்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தில் அசையாமல் நின்றது, தண்ணீர் தாராளமாக வந்ததும் ஆட்டம் காண்கிறது.

மறுநாள் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டில் விட்டுப்போன கிராமம். திவான் சலீம் சிங் ஒரு பெண்ணின் மேல் கண்வைத்தான், 84 கிராமத்து மக்களும் ஒரே இரவில் சாபம் விட்டுக் கிளம்பினார்கள் என்று வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பேய் உலாவுகிறது என்று வேறு. ஒரே இரவு என்பதை நான் நம்பவில்லை. கிணறுகள் வற்றியதும், வரிச்சுமையும் சேர்ந்து ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கும் என்று சொல்பவர்கள் பக்கம் நான். எப்படியிருந்தாலும் அவர்கள் விட்டுப்போனது பேயை அல்ல, கடீனை.

கடீன் என்றால் என்ன என்று சித்தப்பாவுக்கு விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாறைச் சரிவுக்குக் கீழே பள்ளமான நிலம். அதன் தாழ்ந்த ஓரத்தில் நீளமாக ஒரு மண்கரை. வருடத்துக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழை பாறையில் உறிஞ்சப்படாமல் வழிந்து, வண்டலோடு வந்து கரையில் தேங்கும். நம் கண்மாய் மாதிரிதானே என்றார். இல்லை, நேர் எதிர். கண்மாயில் தண்ணீரை நிறுத்தி வெளியே இருக்கும் வயலுக்குப் பாய்ச்சுகிறோம். இங்கே தண்ணீர் நின்ற இடமே வயல். அது மண்ணுக்குள் இறங்கி முடிந்ததும், ஐப்பசி கார்த்திகை வாக்கில், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அதற்குப் பிறகு பாய்ச்சல் கிடையாது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படித்தான்.

சித்தப்பா கரையில் ஏறி நின்று கடலைச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பம்புசெட்டு இல்லாமலா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மூன்றாம் நாள் ராம்கர் பக்கம் போனோம். அங்கே தண்ணீருக்கு மூன்று ஜாதி. மழையாக விழுந்து மேலே ஓடுவது பாலர் பானி. ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர் பாதாள் பானி. அது பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டுக்கும் நடுவில் மணலுக்குள் ஈரமாகவே தங்கியிருப்பது ரேஜாணி பானி. மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சம் படுகை ஓடுகிறது. மழை ஈரத்தை அது கீழே போகவிடாமல் தாங்கிக்கொள்ளும். அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கசியவைக்கத் தோண்டும் ஒடுங்கிய கிணறுதான் பேரி. ஓர் ஆள் குந்தியிருந்து தோண்டுகிற அகலம்தான். உள்ளே வெக்கை தாங்காது. அதனால் மேலே நிற்பவர்கள் பிடிபிடியாக மணலை வீசிப் போடுவார்களாம், மணலோடு நல்ல காற்றும் இறங்கும் என்று. தலையில் விழும் மணலுக்குத் தோண்டுபவர் உலோகத் தொப்பி போட்டுக்கொள்வார்.

அதே ஜிப்சம் ஒருமுறை காலை வாரியும் விட்டது. 2006 ஆகஸ்டில் பக்கத்து பார்மர் மாவட்டத்தில் சில நாட்களிலேயே பெருமழை கொட்டி, கவாஸ் கிராமம் மூழ்கியது. மழை நின்ற பிறகும் தண்ணீர் மண்ணில் இறங்கவில்லை. பாலைவனத்தில் மாதக்கணக்கில் வெள்ளம் நின்றது.

சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மின்கம்பிகளில் அடிபட்டுச் சாகிற கானமயில். உலகத்திலேயே இருநூறுகூட மிச்சமில்லை. பாகிஸ்தான் எல்லையோரத்துத் தானோட் கோயிலில் அடுக்கி வைத்திருக்கும், போரில் விழுந்து வெடிக்காத குண்டுகள். முஸ்லிமாக இருந்தும் தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரர் வீட்டுக் கல்யாணங்களில் கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியம் இசைத்துக் கிருஷ்ணனைப் பாடும் மாங்கணியார்கள். கேஜ்ரி மரத்து நெற்றுகளைக் காயவைத்துச் செய்யும் சாங்ரி கறி. கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரம். சித்தப்பா இலையைக் கசக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். நான் அங்கே போய் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசி நாள், சொன்னபடி, சம். டிசம்பர் கூட்டம். ஒலிபெருக்கி அலறல், ஜீப் இரைச்சல், போட்டோவுக்கு நிற்கும் ஒட்டகங்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் சித்தப்பாவைக் காணோம். மேட்டின் மறுபக்கம், ஆளில்லாத இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கை உள்ளே போயிருந்தது.

"இங்க வா புள்ள," என்றார். "தொட்டுப் பாரு. ஈரமா இருக்கு."